பார்க்காமல் போட்ட டிக்

அத்தியாயம் பதினான்கு

புவனேஸ்வரன் ரொட்டி சானாயைப் பிய்த்து மீன் கறியில் முக்கி வாயில் அடைத்துக்கொண்டே, மைத்துனனின் பிழைப்பை முடிக்கப்போகும் கடிதத்தை விளக்கிக்கொண்டிருந்தான்.

“சின்ன சூராட்தான்டா கோகி. ‘என் பாஸ்வோர்டை நான் கவனமா வச்சிக்கல.’ ஒரே வரி. வித்துட்டேன்னா எழுதச் சொல்றேன்? கவனமா வச்சிக்கல, அவ்ளோதான். மனுசனுக்கு மறதி வராதா?”

வெள்ளைச் சட்டையில் கறி தெறிக்காமலிருக்கக் கழுத்தில் டிஷ்யூத் தாளைச் செருகியிருந்தான். தாள் முழுக்க மஞ்சள். சட்டையில் ஒரு பொட்டு இல்லை. அந்தச் சாமர்த்தியத்தைப் பார்க்கவே அவன் மனைவி ஜெகதீஸ்வரிக்குக் குமட்டியது. பதினொரு வருடமாக இந்த மனிதனுக்குச் சாப்பாடு போடுகிறாள். அவன் மெல்லும் சத்தம் இவ்வளவு ஈரமானது என்பது இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

எதிரே அவள் தம்பி கோகிலன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். ஒன்பது நாள் தாடி.

ஒன்பது நாளுக்கு முன்னால், பாலத்துக்கு அக்கரையில் பிறை ஊர்த் தொழிற்சாலையில், மத்தியான ஷிப்ட் சூடு பிடித்த நேரத்தில், எல்லாத் திரைகளும் ஒரே மூச்சில் இருண்டுபோயின. எவனோ வெளியாள் தொழிற்சாலையின் நெட்வொர்க்குக்குள் புகுந்து, இணைப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டான். புகுந்தவன் காட்டியது கோகிலனின் பெயர், கோகிலனின் பாஸ்வோர்ட். அந்த நெட்வொர்க்கைப் பராமரிக்கும் ஒப்பந்தம், அவர்கள் பேச்சில் ‘கொந்தரேக்’, புவனேஸ்வரனின் ‘புவன் டெக்’ கம்பெனிக்கு. வேலை செய்பவன் கோகிலன். அன்று சாயங்காலமே கேட்டில் அவன் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு விசாரணை.

“கையெழுத்துப் போடலன்னா?” என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி.

புவனேஸ்வரன் கட்டை விரலை நக்கினான். “போடலன்னா கொந்தரேக் போச்சி. கொந்தரேக் போச்சின்னா ஆபீஸ் போச்சி, பன்னெண்டு பேரு வேலை போச்சி. இவன் ஒருத்தனுக்காகவா? நீயே சொல்லு லா.”

“அவந்தான் பாஸ்வோர்டை யாருக்கும் குடுக்கலைங்கிறானே.”

“நான் மட்டும் குடுத்தான்னா சொல்றேன்?”

“அப்ப எப்படிங்க போச்சி?”

“அதெல்லாம் சாஃப்ட்வேர் விசயம். கேக்கு மேல கிரீம் தடவுனவளுக்கு எங்க புரியப் போவுது?” சிரித்தான். பல்லிடுக்கில் கறிவேப்பிலை.

கோகிலனின் காது மடல் சிவந்தது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். கம்பெனியில் குரலை உயர்த்திப் பேசுகிறவன், அக்கா வீட்டில் மட்டும் இப்படித்தான். அவர்களுடைய அம்மா போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா பட்டர்வொர்த் துறையில் மூட்டை தூக்கி முதுகு விழுந்தவர். பிறையில் எட்டு வருடம் தொழிற்சாலை லைனில் நின்று, ஓவர்டைம் ஓவர்டைமாகப் போட்டு அவனுக்கு டிப்ளோமா வாங்கிக் கொடுத்தவள் ஜெகதீஸ்வரி. அவள் காலில் இன்றும் சுருட்டிக்கொண்டிருக்கும் பச்சை நரம்புகள் அந்த டிப்ளோமாவின் இன்னொரு பிரதி.

அந்தக் கடிதத்தில் அவன் கையெழுத்து விழுந்தால், பினாங்கில் எந்தத் தொழிற்சாலையும் அவனைக் கேட்டுக்குள் விடாது. பூட்டுச் செய்கிறவன் சாவியைத் தொலைத்தேன் என்று எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

புவனேஸ்வரன் கை கழுவிக்கொண்டு வந்தான். “ஜெகா, ஆபீஸ்ல பராமரிப்பு பாரம் பைலு இருக்கும். ஏப்ரல் மாசத்து பாரம் முக்கியம். கோகி சைன் பண்ணது. எடுத்துக்கிட்டு ஒன்றரைக்கெல்லாம் பிறைக்கு வந்துரு. நான் இவன ஏத்திக்கிட்டு வர்றேன்.”

ஏப்ரல் என்றதும் கோகிலன் தலை நிமிர்ந்தது. மச்சானைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஏதோ தப்பு செய்தவன் போலக் கண்ணை இறக்கிக்கொண்டான்.

அந்தப் பார்வை அவளோடு லிஃப்டில் இறங்கியது. ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டின் லிஃப்டில் வழக்கமான மூத்திர நாற்றமும், யாரோ சந்தையிலிருந்து தூக்கி வந்த மீன் பையிலிருந்து சொட்டிய நீரும். செருப்பை உயர்த்தி வைத்து நின்றாள்.

* * *

புவன் டெக் அலுவலகம் கெலுகோரில், சலவைக் கடைக்கு மேல் மாடியில். சோப்பு நெடி ஏறியபடியே இருக்கும். ஜெகதீஸ்வரிதான் அங்கே கிளார்க், வரவேற்பாளர், துடைப்பம் பிடிக்கிறவள். இரண்டு வருடம் முன்புவரை வீட்டிலேயே கேக் செய்து விற்றாள். ‘ஜெகா கேக் ஹோம்’. நோய்க்காலத்தில் எல்லோரும் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, கோகிலன் அவளுக்கு ஓர் இணையதளம்கூட அமைத்துக் கொடுத்தான். ஆர்டர் வந்தது. ஆபீஸுக்கு ஆள் வேண்டும் என்று புவனேஸ்வரன் அதை நிறுத்தச் சொன்னான். தளத்தையும் மூடியாச்சு என்றான். மீந்தது ஐந்நூறு காகிதப் பை. இளஞ்சிவப்பில் கடைப் பெயரும் தளத்தின் முகவரியும் அச்சடித்தவை. இப்போது அவற்றில்தான் பைல்கள் போகின்றன, சமயத்தில் கீரைக்கட்டும்.

ஏப்ரல் பாரத்தை, அந்தப் பராமரிப்புப் படிவத்தை, எடுத்து மேசையில் விரித்தாள்.

பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டிக். கீழே கோகிலனின் கையெழுத்து.

ஏழாவது வரி: சாஃப்ட்வேர் தயாரித்த நிறுவனம் அனுப்பிய பாதுகாப்புத் திருத்தம் போடப்பட்டது.

டிக்.

அது கோகிலன் போட்ட டிக் இல்லை. பன்னிரண்டுமே அவன் போட்டவை இல்லை. வால் இடது பக்கமாக நீண்டு சாய்ந்த டிக்குகள். இடது கையால் எழுதுகிறவள் அந்த ஆபீஸில் ஒருத்திதான்.

அங்கே வழக்கமே அப்படி. ஜனவரியில், பொங்கல் விருந்து முடிந்த கையோடு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வருடத்துக்கான வெற்றுப் பாரங்களை அடுக்குவான் புவனேஸ்வரன். பாயசக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, கோகிலன் பன்னிரண்டிலும் வரிசையாகக் கையெழுத்துப் போடுவான். ‘மாசா மாசம் பாலத்தைத் தாண்டி வந்து சைன் வாங்கிக்கிட்டா இருக்க முடியும்?’ மாதக் கடைசியில் ஒன்றை உருவி ஜெகதீஸ்வரி டிக் போடுவாள். சீலும் அவளே குத்துவாள். இத்தனைக்கும் அவன் மாதா மாதம் உண்மையிலேயே வேலை செய்தான். அதனால் யாருக்கும் உறுத்தியதில்லை.

ஏப்ரலில் மட்டும் அவள் கேட்டது ஞாபகம் வந்தது. ‘ஏழாவதுக்கும் போடவா?’ புவனேஸ்வரன் போனைப் பார்த்துக்கொண்டே, ‘போடு லா, எல்லாம் டிக்கு’ என்றான். போட்டாள். ஐந்து நொடிகூட ஆகவில்லை.

லைனில் நின்ற எட்டு வருடமும், ஒரு மின்சுற்றுப் பலகையைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் அவள் டிக் போட்டதில்லை. போட்டால் சூப்பர்வைசர் அந்தத் தாளை முகத்தில் விட்டெறிவாள். பத்து விரலும் கூசக் கூசச் செய்த வேலை அது. பதவி உயர்ந்து, ஏர்கோனில் உட்கார்ந்து, அதே கையால் இதைச் செய்திருக்கிறாள்.

கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

பிறகு, திருத்தத்தைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று ஆபீஸ் மின்னஞ்சலைத் திறந்து, ஏப்ரலுக்கு முந்திய மார்ச் மாதத்துக்குப் போனாள். தேட வேண்டியிருக்கவில்லை. கோகிலன் புவனேஸ்வரனுக்கு அனுப்பியது, ஆபீஸுக்கும் ஒரு நகலோடு, திறக்காமலே கிடந்தது.

‘மச்சான், சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கு. நம்ம நெட்வொர்க் சாஃப்ட்வேர்ல பெரிய ஓட்டை. யார்கிட்ட பேசினாலும் அது முதல்ல சான்றிதழ் கேக்கும். நம்ம அடையாளக் கார்டு, ஐசி மாதிரின்னு வச்சிக்குங்க. ஐசி அசல்தானான்னு பாக்குது, ஆனா அதுல எவன் பேரு இருக்குன்னு பாக்கல. எவனோ ஒருத்தன் தன் சொந்த ஐசியக் காட்டி, நாந்தான் உங்க தலைமை சர்வர்னு சொன்னாலும் நம்பிடும். நம்பி, நம்ம பாஸ்வோர்டைக் கையில குடுத்துரும். திருத்தம் வந்திருக்கு. நாலு மணி நேரம் நிறுத்தினா போட்டுறலாம். தயவு செஞ்சி கம்பெனிகிட்ட கேளுங்க.’

கீழே புவனேஸ்வரனின் பதில்: ‘இப்ப நிறுத்தக் கேட்டா கொந்தரேக் புதுப்பிக்கிற நேரத்துல மூஞ்ச சுளிப்பாங்க. தீபாவளிக்கு மூடுவாங்க, அப்ப போடு. வாய வச்சிக்கிட்டு இரு.’

மறுபடி படித்தாள். சலவைக் கடைச் சோப்பு வாசனை தொண்டையில் ஒட்டியது. எழுந்து போய்க் கழிவறைத் தொட்டியில் துப்பினாள்.

போனில் கோகிலன் உடனே எடுத்தான்.

“பக்கத்துல அவரு இருக்காரா?”

“குளிக்கிறாரு. சென்ட்டு வாசம் இங்க வரைக்கும் வருது.”

“மார்ச்சுல நீ அனுப்புன மெயிலப் பாத்தேன்.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ஏன்டா இத யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா என்னக்கா கேப்பாங்க? ‘திருத்தம் போடலன்னா பாரத்துல எப்படி டிக்கு?’ன்னு கேப்பாங்க. அந்த டிக்கு யாரு கை?”

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“நான் வாயத் தொறந்தா மொதல்ல உன்னத்தான் கூப்புடுவாங்க” என்றான். “மச்சானுக்கும் அது தெரியும். அதான் காலையில அவ்ளோ நிம்மதியா சாப்புட்டாரு.”

காலையில் பார்த்த பார்வையின் அர்த்தம் இப்போது விளங்கியது. தப்பு செய்தவனின் பார்வை இல்லை. அவள் தப்பைக் கண்டுபிடித்துவிட்டதற்காகக் கூசியவனின் பார்வை.

“தாடிய எடுத்துட்டு வா” என்றாள். “களவெடுத்தவன் மாதிரி இருக்க.”

இரண்டு மின்னஞ்சலையும் அச்செடுத்தாள். பைலோடு ஒரு இளஞ்சிவப்புப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

* * *

பிறையில் காரை விட்டு இறங்கும்போதே ஆற்றுச் சாக்கடையும் எரிந்த பிளாஸ்டிக்கும் கலந்த காற்று வரவேற்றது. பாதுகாவலர் அவள் அடையாளக் கார்டை வாங்கி, முகத்தையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். மாதச் சம்பளத்துக்கு வெயிலில் நிற்கும் அந்தக் கிழவருக்குத் தெரிந்தது, அத்தனை விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேருக்குத் தெரியவில்லை.

காத்திருக்கும் அறையில் ஒரே ஒருத்தி. இரண்டு கைகளிலும் முழங்கைவரை வெள்ளைக் கட்டு. மடியில் இரண்டு ரொட்டிகளை வைத்திருப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

“தனம்?”

தனலெட்சுமி நிமிர்ந்தாள். ஜெகதீஸ்வரியோடு ஆறு வருடம் லைனில் தோளோடு தோள் நின்றவள். “அடியே! பெரிய மனுசி! வா வா. வந்ததும் வந்த, மொதல்ல இந்த மூக்கச் சொறிஞ்சி விடு. அர மணி நேரமா அரிக்கிது. ஆம்பள ஆளுங்கதான் போறானுங்க, யார்கிட்டக் கேக்குறது?”

ஜெகதீஸ்வரி சொறிந்து விட்டாள். தனலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் எடது பக்கம்... ஆங். நல்லா இருப்ப” என்றாள்.

“நீதானா அது? கை சுட்டுக்கிட்ட ஆளுன்னு மட்டும்தான் சொன்னாங்க. பேரு சொல்லல.”

“நம்ம பேர எவன் கேட்டான்?” என்றாள் தனலெட்சுமி. “திரையெல்லாம் செத்துப் போச்சி. அடுப்புக்குள்ள சரக்கு மாட்டிக்கிச்சி. கருகிறப் போவுது, கையால இழுங்கன்னான் சூப்பர்வைசரு. கையுறை மூணு சோடி, ஆளு நாலு பேரு. எனக்கு முன்னாடி மூணு பேரு மாட்டிக்கிட்டாளுங்க.”

“நீ ஏன் இழுத்த?”

“இழுக்கிறியா இல்லியான்னு சத்தம் போட்டா இழுக்காம? நீயா இருந்தா நின்னு யோசிச்சிருப்பியா?”

யோசித்திருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரியும்.

“எவனோ பொடியன் பாஸ்வோர்ட வித்துட்டானாம். அவன் இன்னிக்கு வர்றானாம். மூஞ்சியப் பாக்கணும்னு உக்காந்திருக்கேன்.” கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். “அறையத்தான் முடியாது. துப்பலாம்ல?”

கட்டிலிருந்து மருந்தும் சீழும் கலந்த வாடை வந்தது. ஜெகதீஸ்வரி மூக்கைத் திருப்பவில்லை. அந்த வாடையில் தன் டிக்கும் ஒன்று இருக்கிறது. காலையிலிருந்து புருசனைப் பார்த்துக் குமட்டிக்கொண்டிருந்தாளே, அந்தக் குமட்டலில் பாதி தனக்குச் சேர வேண்டியது.

“அந்தப் பொடியன் என் தம்பி தனம்” என்றாள். “அவன் விக்கல. துப்புறதா இருந்தா, உள்ள போயிட்டு வர்றேன், அதுக்கப்புறம் யாரு மேல துப்பணும்னு நானே சொல்றேன்.”

* * *

விசாரணை அறையில் குளிர் பல்லில் ஏறியது. மேசைத் தலைமாட்டில் மனிதவள மேலாளர் ரோஹானா, மூக்குக் கண்ணாடியும் வெளிர் நீலத் துடோங் முக்காடும். பக்கத்தில் தொழிற்சாலையின் கணினிப் பாதுகாப்பு அதிகாரி ஷஃபீக், மடிக்கணினியோடு. ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பேச்சு மலாயில் நடந்தது. புவனேஸ்வரன் கோகிலனின் தோளில் கை போட்டபடி உட்கார்ந்திருந்தான். அந்தக் கை ஏறிய இடத்தில் கோகிலனின் சட்டை சுருங்கியிருந்தது.

“இவன் எனக்குத் தம்பி மாதிரி, புவான்” என்று மேலாளரை மரியாதையாய் விளித்து ஆரம்பித்தான் புவனேஸ்வரன். “தம்பி தப்பு செஞ்சாலும் மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.”

ஜெகதீஸ்வரி பையை மேசைமேல் வைத்து பைலை எடுத்தாள். ஏப்ரல் பாரம் கைமாறி ரோஹானாவிடம் போனது.

ரோஹானா கோகிலனிடம் கேட்டார். “இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம்.”

“ஏழாவது வரி, திருத்தம் போடப்பட்டது என்கிறது. ஷஃபீக் அப்படி இல்லை என்கிறார்.”

“பாரம் போட்டாயிற்று என்கிறது” என்றார் ஷஃபீக். “சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தால் பழையதேதான் ஓடுகிறது. ஒன்பது நாளாக எங்களிடம் இருக்கும் நகலில் இந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போட்டீர்களா, இல்லையா?”

கோகிலன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தாடியை எடுத்திருந்தான். கன்னத்தில் புதிதாக ஒரு வெட்டு.

அவன் பேசுவதற்குள் புவனேஸ்வரன் குறுக்கே வந்தான். “மறந்துட்டான். போட்டதா நெனச்சி சைன் பண்ணிட்டான். அதையும் சேர்த்து எழுதியிருக்கேன்.” உள் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, கோகிலன் முன்னால் தள்ளினான்.

காலையில் ஒரு வரி. இப்போது நான்கு. பாஸ்வோர்டைக் கவனமாக வைத்துக்கொள்ளவில்லை. திருத்தத்தைப் போடவில்லை. போட்டதாகப் பொய்யாகக் கையெழுத்திட்டேன். என் முதலாளிக்கு இது எதுவும் தெரியாது.

ரொட்டியைத் தின்றுகொண்டே யோசித்திருக்கிறான். குளிக்கும்போது கூட்டியிருக்கிறான். அந்தச் சென்ட்டு வாசம் அறை முழுக்க இருந்தது.

கோகிலன் பேனாவை எடுத்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

“பேனாவ வைடா” என்றாள் ஜெகதீஸ்வரி, தமிழில்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“ஜெகா, பைலக் குடுத்தாச்சில்ல? வெளிய போய் உக்காரு” என்றான் புவனேஸ்வரன், சிரித்த முகத்தோடு. “என் மனைவி. ஆபீஸ் கிளார்க். இந்த விசயமெல்லாம்...”

“புவான்,” ஜெகதீஸ்வரி மலாய்க்கு மாறினாள், “ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். இவனை ஒரு டிக் போடச் சொல்லுங்கள்.”

ரோஹானா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு தாளை நகர்த்தினார். கோகிலன் தயங்கிப் போட்டான். எல்லோரும் போடுவதுபோல் வலப்பக்கம் ஏறிய டிக். ஜெகதீஸ்வரி பேனாவை இடது கையில் வாங்கி அதன் பக்கத்தில் ஒன்று போட்டாள். வால் இடது பக்கம் சாய்ந்து நீண்டது. தாளை ஏப்ரல் பாரத்தின்மேல் வைத்தாள்.

விளக்க வேண்டியிருக்கவில்லை. ஷஃபீக் எட்டிப் பார்த்து, பெருமூச்சை மூக்கால் விட்டார்.

“அந்தப் பன்னிரண்டும் நான் போட்டது. பார்க்காமல் போட்டேன். இவன் கையெழுத்து ஜனவரியிலேயே வாங்கி வைத்தது. இன்னும் எட்டு வெற்றுப் பாரம் எங்கள் ஆபீஸ் அலமாரியில் இவன் கையெழுத்தோடு இருக்கிறது. ஆள் அனுப்பிப் பாருங்கள்.”

“அவளுக்கு என்ன தெரியும்!” புவனேஸ்வரனின் குரல் ஏறியது. தமிழுக்குத் தாவினான். “வாய மூடுறியா? டிக்குன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

“எட்டு வருசம் லைன்ல நின்னவ நான். டிக்குன்னா என்னன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் போட்டேன். அதான் வெக்கமா இருக்கு.” வாசல் பக்கம் கை நீட்டினாள். “வெளிய ஒருத்தி மூக்கு சொறியக் கையில்லாம உக்காந்திருக்கா. அவ பேரு தனலெட்சுமி. இந்த அறையில யாராவது இதுவரைக்கும் அந்தப் பேரச் சொன்னீங்களா?”

ஷஃபீக் தலை குனிந்தார்.

மின்னஞ்சல் அச்சுகளை ரோஹானாவிடம் நீட்டினாள். புவனேஸ்வரன் பாய்ந்து பிடுங்கக் கை நீட்டினான். கை கோப்பிக் கோப்பையில் பட்டது. காலையிலிருந்து காப்பாற்றி வந்த வெள்ளைச் சட்டையின்மேல் கரிய கோப்பி பொத்தான் வரிசையோடு வழிந்து இறங்கியது. யாரும் டிஷ்யூ கொடுக்கவில்லை.

அதற்குள் தாள்கள் ஷஃபீக்கின் கைக்குப் போயிருந்தன. அவர் மெயிலை மலாயில் சொல்லச் சொல்ல, ரோஹானா குறித்துக்கொண்டார். தீபாவளி என்ற சொல் வந்ததும் பேனா நின்றது. அவர் நான்கு வரிக் கடிதத்தை எடுத்து, இரண்டாக மடித்து, தன் பைலுக்குள் வைத்தார். “இன்றைக்கு இவர் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்” என்றார்.

கோகிலனின் தோள் தளர்ந்தது. பன்னிரண்டு வயதில் அம்மாவின் படத்துக்கு முன் நின்றபோது நடுங்கியதுபோல் அவன் தாடை ஒரு முறை நடுங்கியது. ஜெகதீஸ்வரி மேசைக்கடியில் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இன்னும் ஒண்ணு இருக்குக்கா” என்றார் ஷஃபீக். அவளிடம் முதல் முறையாகத் தமிழில் பேசினார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “எங்க சாஃப்ட்வேர் பேரப் பாக்கல. அதுதான் ஓட்டை. ஆனா எந்தப் பேரு வந்துச்சோ, அத ஒரு மூலையில எழுதி வச்சிருக்கு. இன்னிக்குக் காலையிலதான் தோண்டி எடுத்தேன். உள்ள வந்தவன் காட்டுன சான்றிதழ் அசலு, ஏதோ ஒரு இணையதளத்துக்குக் குடுத்தது. இந்த மார்ச்சுல புதுப்பிச்சது. அது எவன் பேருல இருக்கோ, அவன் கைக்குத்தான் கோகிலன் பாஸ்வோர்டு போயிருக்கு.”

“என்ன பேரு?” என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி.

“கம்பெனி மாதிரி தெரியல. அதான் கோகிலனுக்குத் தெரியுமான்னு கேக்கலாம்னு...” ஷஃபீக் திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். “ஜெகா... கேக்... ஹோம். டோட் கோம்.”

சொல்லி முடித்தபோது அவர் பார்வை திரையிலிருந்து எழுந்து மேசை நடுவில் நின்றது. அங்கே, கோப்பித் துளி தெறித்த காகிதப் பை. இளஞ்சிவப்பில் அதே பெயர். கீழே அதே முகவரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூடியாச்சு என்று புவனேஸ்வரன் அவளிடம் சொன்ன தளம், இந்த மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டிக் கொடுத்தவன் கோகிலன். தளத்தின் கணக்கும் சான்றிதழின் சாவியும் இருந்த அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனவன் புவனேஸ்வரன். இந்த இரண்டு பேரைத் தவிர அதைத் தொட்டவர்கள் யாரும் அவளுக்குத் தெரிந்து இல்லை.

ஜெகதீஸ்வரி புருசனைப் பார்த்தாள். பிறகு, தம்பியின் மணிக்கட்டை விடாமலே, தம்பியைப் பார்த்தாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசையைப் பார்த்துக் குனிந்தார்கள்.